ஆண் உடல்: தேவையில்லை

"பதினோரு மணிக்கு ஒரு அம்மா பார்க்க வர்றாங்க. தம்பியை நாலு நாளா காணோமாம். அதுக்குள்ள மூணாம் பெட்டியைச் சிரைச்சு, கழுவி, வெளியே வை."

சூப்பர்வைசர் கதவைப் பிடித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். உள்ளே வருவது அவருக்குப் பிடிக்காது. அப்போது மணி எட்டரை.

ஆஸ்பத்திரியின் பின்பக்கம், துணி வெளுக்கும் கூடத்தைத் தாண்டினால் பிணவறை. அங்கே உடல்களைக் கழுவி, உறவினர் பார்வைக்குத் தயார் செய்வது, அந்த உத்தரவைக் கேட்டு நின்றவருடைய வேலை. பத்தொன்பது வருஷமாக அதே வேலைதான். சம்பளப் பட்டியலில் அவருக்கு ஒரு பெயர் இருக்கிறது. ஆனால் வாசல் காவலாளியிலிருந்து டாக்டர் வரைக்கும் எல்லோரும் அவரைக் 'கொண்டை' என்றுதான் கூப்பிடுகிறார்கள். வயது நாற்பத்தாறு. அவிழ்த்துவிட்டால் முடி முதுகில் பாதி வரை வரும். வேலை நேரத்தில் இறுக்கிச் சுருட்டிக் கொண்டையாக்கி, மேலே துணித் தொப்பியை மாட்டிக்கொள்வார்.

மூன்றாம் குளிர்பெட்டியில் இருந்தவருக்கும் நீண்ட முடிதான். மேம்பாலத்துக்கு அடியில் ஏதோ வண்டி மோதிக் கிடந்தவர். நெற்றியிலிருந்து தாடை வரை ஒரு பக்க முகம் இல்லை. மறுபக்கம் வீங்கிக் கறுத்திருந்தது. சட்டைப் பையில் எதுவும் கிடையாது. ஊரில் பாதிப் பேர் போடுகிற மாதிரி ஒரு சட்டை, ஒரு கால்சட்டை. டாக்டர் மேலோட்டமாகச் சோதித்து, போலீஸ் படமெடுத்து, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். இனி கழுவலாம். முடி மட்டும் சேறும் ரத்தமும் தாரும் கலந்து, தேங்காய் நார் மாதிரி ஒரே உருண்டையாகக் கிடந்தது.

சிரைத்துவிட்டால் பத்து நிமிஷ வேலை. அப்படித்தான் செய்ய வேண்டும் என்று சுற்றறிக்கையும் இருக்கிறது. ஆண் உடலில் முடி காலரைத் தாண்டினால் மழித்துவிட வேண்டும். சுகாதாரத்துக்காகவாம். பெண் உடல் என்றால் அலசி, சீவி, பின்னி வைக்க வேண்டும். அதற்கென்று ஸ்டோரில் ஷாம்பு ஒன்று, கண்டிஷனர் இரண்டு பாக்கெட் கொடுப்பார்கள். பொருள் வாங்கும் படிவத்தில் கண்டிஷனருக்கு நேரே இரண்டு கட்டங்கள் இருக்கும். ஒன்றில் 'பெண் உடல்: 2' என்றும், மற்றொன்றில் 'ஆண் உடல்: தேவையில்லை' என்றும் அச்சடித்தே வந்திருக்கும். யாரோ ஒருவர் எங்கோ ஒரு மேஜையில் உட்கார்ந்து, உலகத்து ஆண்களின் தலைமுடியை எல்லாம் ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

சுகாதாரம் என்ற காரணத்தை நம்பவும் வழியில்லை. போன வருஷம் ஒரு இசைக்காரரின் உடல் வந்தது. பணமும் பேரும் உள்ளவர். முடி தோளுக்குக் கீழே புரண்டது. அன்றைக்கு வாசலில் கார்கள் வரிசையாக நின்றன. சூப்பர்வைசர் தன் கையாலேயே சீப்பு கொண்டுவந்து கொடுத்தார். சுற்றறிக்கையின் பேச்சையே யாரும் எடுக்கவில்லை. கிருமிகளுக்குப் பணக்காரர் முடியில் குடியிருக்கப் பிடிக்காது போலிருக்கிறது. அந்த விதி யாருக்காக எழுதப்பட்டது என்பது அன்று எல்லோருக்கும் தெரிந்தது. தெரிந்தும் மறுநாளே வழக்கம்போலத்தான் நடந்தது.

கொண்டை ஒரு காலத்தில் அந்த விதிப்படி ஒழுங்காக நடந்தவர். அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

நாலு வருஷத்துக்கு முன்னால், தண்ணீரில் கிடந்து ஊதிப்போன ஒரு இளைஞரின் உடல் வந்தது. தோள் வரைக்கும் முடி, அதில் பாசி. காலையில் சூப்பர்வைசர் சொல்ல, கொண்டைதான் மெஷினைப் போட்டு மழித்தார். மத்தியானம் ஒரு பெரியவர் மகனைத் தேடி வந்தார். லாரி ஓட்டுகிறவர், இன்னும் சீருடையில் இருந்தார். துணியை விலக்கிக் காட்டினார்கள். வீங்கிய முகமும் மொட்டைத் தலையும். பெரியவர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது என் பையன் இல்லீங்க. அவனுக்கு முடி இத்தனை இருக்கும்." தோளைத் தொட்டுக் காட்டினார். "வெட்டுடான்னா வெட்டவே மாட்டான். இது வேற யாரு பெத்த புள்ளையோ."

அவர் முகத்தில் உயிர் திரும்பியதைக் கொண்டை பார்த்தார். சொல்ல வாயெடுத்தார். பக்கத்தில் சூப்பர்வைசர் நின்றிருந்தார்; அவர் சொல்லுவார் என்று நினைத்தார். சூப்பர்வைசரோ பேனாவைத் திறந்து 'அடையாளம் காணப்படவில்லை' என்று எழுதிக்கொண்டிருந்தார். பெரியவர் அதன் கீழே கையெழுத்துப் போட்டு, எல்லோருக்கும் கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பினார். கொண்டை வாசலுக்கு ஓடிப் பார்த்தபோது லாரி போய்விட்டிருந்தது.

"சார், அந்த உடலுக்கு முடி இருந்தது சார். நான்தான் எடுத்தேன்," என்றார் திரும்பி வந்து.

"அவரே இல்லைன்னு சொல்லிட்டாரு. ஆமான்னு சொல்ல நீ யாருய்யா? பையனோட சித்தப்பனா?"

ஒரு வாரம் கழித்து, ஒரு எண்ணைப் போட்டு உடலைப் புதைத்தார்கள்.

நாலு மாதம் கழித்து அதே பெரியவர் மறுபடி வந்தார். இந்த முறை மகனின் படம் கொண்டுவந்திருந்தார். இடது புருவத்தை இரண்டாக வெட்டிக்கொண்டு ஒரு பழைய தழும்பு; அன்று வீக்கத்தில் அது தகப்பன் கண்ணில் படவில்லை. கழுவிய கை அந்தத் தழும்பை மறக்கவில்லை. கொண்டை அவரை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னார். பெரியவர் அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒன்றே ஒன்று கேட்டார்.

"அந்த முடியை என்னப்பா பண்ணினீங்க?"

எரிகலனில் போட்டாயிற்று. பஞ்சும் கட்டுத்துணியும் எரிகிற இடத்தில் அதுவும் எரிந்தது.

பெரியவர் அலுவலகத்துக்கு நடையாக நடந்தார். பதிவேட்டில் 'அடையாளம் காணப்படவில்லை' என்று இருக்கிறது, அதன் கீழே அவருடைய கையெழுத்தே இருக்கிறது, மழித்ததற்கு எழுத்தில் ஆதாரம் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். எழுத்தில் கொடுக்கக் கூடியவர் ஒரே ஒருவர்தான். கொண்டைக்குப் படிக்கிற வயதில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். அவர் எழுதிக் கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் முடிவெட்டிக்கொள்ளவில்லை. சபதமெல்லாம் கிடையாது. சபதம், பரிகாரம் என்று யாராவது சொன்னால் அவருக்கு எரிச்சல்தான் வரும். சலூன் நாற்காலியில் உட்கார்ந்து, காதுக்குப் பின்னால் மெஷின் சத்தம் கேட்டதும் வியர்த்துக் கொட்டும், எழுந்து வந்துவிடுவார். இரண்டு தடவை முயன்று பார்த்தார். மூன்றாவது தடவை போகவில்லை. முடி பாட்டுக்கு வளர்ந்தது.

வளர்ந்த முடியை வைத்துக்கொள்ளத்தான் தெரியவில்லை. துணி சோப்பைத் தேய்த்துக் குளிப்பார். துடைப்பம் மாதிரி நிற்கும். வீட்டில் துணிகளுக்கு விளிம்பு தைத்துக் கொடுக்கும் அவர் மனைவி, தையல் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரிப்பாள்.

"உங்க தலையில கோழி அடைகாக்க வெச்சா பொரிச்சிடும்."

மனைவியின் தங்கை ஒரு அழகு நிலையத்தில் வேலை பார்க்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவள், அவர் சீப்போடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"என்ன மாமா, கயிறு திரிக்கிறீங்களா? கண்டிஷனர் போட மாட்டீங்களா?"

"அதெல்லாம் பொம்பளைங்க சமாச்சாரம்."

"எங்க கடையில தலையைக் கழுவிவிட்டுப் பார்த்தா எது ஆம்பளை முடி, எது பொம்பளை முடின்னு எனக்கே தெரியாது. உங்க முடிக்கு மட்டும் மீசை முளைச்சிருக்கா?"

மனைவி ஊசியில் நூல் கோத்தபடி, "அப்படிக் கேளு" என்றாள்.

அன்று தங்கை சொன்னதை அவர் மறக்கவில்லை. முடி என்பது செத்த பொருள். உயிர் தோலுக்கு அடியில், வேரில் மட்டும்தான். வெளியே வந்தது ஒவ்வொன்றும் மேலே செதில் செதிலாக, கூரை ஓடு அடுக்கினாற்போல இருக்கிறது. தலையில் ஊறுகிற எண்ணெய்ப்பசை குட்டை முடிக்கு நுனி வரை எட்டிவிடும். நீள முடிக்கு எட்டாது. சோப்பு இருக்கிற பசையையும் உருவிவிடும். ஓடுகள் நிமிர்ந்துகொள்ளும். நிமிர்ந்த ஓடு பக்கத்து முடியில் மாட்டும். அதுதான் சிக்கு. கண்டிஷனர் அந்த ஓடுகளைப் படுக்க வைக்கிறது, வழுக்கல் கொடுக்கிறது. அவ்வளவுதான் அதன் மந்திரம். நீளம் கேட்கிறது, வறட்சி கேட்கிறது, சுருள் கேட்கிறது. மீசை இருக்கிறதா இல்லையா என்று முடி கேட்பதில்லை.

"வேர்ல அப்பாதீங்க மாமா, பிசுபிசுன்னு ஆயிடும். பாதிக்குக் கீழ, நுனியில. வருஷத்துக்கு அரை அடி வளரும்னு வெச்சுக்குங்க. நுனிதான் ரொம்ப வயசான முடி. அதுக்குத்தான் கவனிப்பு வேணும்."

அவர் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார்: நுனி, அந்தப் பையனை மழித்த வருஷத்து முடி. அன்றிலிருந்து பிணவறை அலமாரியில், மாற்றுச் சட்டைக்குப் பின்னால், அவருடைய கண்டிஷனர் புட்டி ஒன்று இருக்கிறது. வேலை முடிந்ததும் அங்கேயே குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்.

இனி அந்தக் காலைக்கு வரலாம். எட்டரைக்கு உத்தரவு வந்ததும் கொண்டை ஸ்டோருக்குப் போனார். ஸ்டோரையும் தபால் பிரிவையும் சேர்த்துப் பார்க்கிற அம்மா, எல்லோருக்கும் ஸ்டோர் அக்கா, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படிவத்தைப் பார்த்தாள்.

"கண்டிஷனர் நாலா? எந்தப் பெட்டி?"

"மூணு."

"மூணாம் பெட்டி ஆம்பளையாச்சே தம்பி. படிவத்துலயே 'தேவையில்லை'ன்னு வாயை அடைச்சு வெச்சிருக்கான். நான் என்ன செய்ய?" சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "பொம்பளைன்னு எழுதிடவா? எவன் வந்து துணியைத் தூக்கிப் பார்க்கப்போறான்?"

"வேணாம்க்கா. ஏற்கெனவே ஒருத்தரைத் தப்பா எழுதித் தொலைச்சிருக்கோம்."

"அப்போ உடல் ஆம்பளை, முடி மட்டும் பொம்பளைன்னு எழுதட்டுமா?"

அவருக்கே லேசாகச் சிரிப்பு வந்தது. ஒரு சோப்பும் ஒரு துண்டும் மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினார். அலமாரியைத் திறந்து தன் புட்டியை எடுத்தார். முக்கால்வாசி இருந்தது.

குளிர்ந்த தண்ணீரில் மூன்று தடவை அலசினார். மண் போயிற்று, ரத்தம் போயிற்று. தார் போகவில்லை, அதை எண்ணெய் தொட்ட பஞ்சால் கொஞ்சம் கொஞ்சமாக ஒற்றி எடுத்தார். பிறகு கண்டிஷனரைக் கை நிறைய எடுத்து, உருண்டையின் வெளிப்புறத்தில் தடவி, விரலால் உள்ளே செலுத்திக் காத்திருந்தார். முதலில் விரல், அப்புறம் அகலப் பல் சீப்பு. கீழிருந்து ஒரு அங்குலம் விடுவிப்பது, பிறகு அதற்கு மேல் ஒரு அங்குலம். ஒவ்வொரு சிக்குக்கும் மேலே முடியை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். செத்தவருக்கு வலிக்காது என்பது அவருக்குத் தெரியும். ஆனால் இழுத்தால் தோலோடு வந்துவிடும். பத்தொன்பது வருஷத்தில் அதுவும் தெரியும்.

பத்து மணிக்குச் சூப்பர்வைசர் வந்தார். கையில் மெஷின்.

"என்னய்யா இது, அழகு நிலையமா?"

"பாதி முடிஞ்சிருச்சு சார்."

"ஆம்பளைப் பொணத்துக்குக் கண்டிஷனரு. அடுத்து என்ன, நகத்துக்குச் சாயமா? இன்னும் ஒரு மணி நேரம்தான். இந்தா, எடுத்து விடு."

"சார், முகம் இல்லை. சட்டை எல்லார்கிட்டயும் இருக்கிற சட்டை. அந்த அம்மா எதை வெச்சு சொல்லுவாங்க?"

"அது அவங்க பாடு. விதி என்னன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும் சார். எழுத்துல குடுங்க. 'பார்வைக்கு முன்னால முடியை மழிக்கவும்'னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. உடனே மழிக்கிறேன்."

சூப்பர்வைசர் அவரையே பார்த்தார். நாலு வருஷத்துக்கு முன்னால் நடந்தது இரண்டு பேருக்கும் ஞாபகம் இருந்தது. வாயால் எவ்வளவு வேண்டுமானாலும் உத்தரவு போடலாம். அதில் பெயர் ஒட்டிக்கொள்ளாது. அரசாங்கத்தின் முக்கால்வாசி அநியாயம் அப்படி வாய் வழியாகத்தான் நடக்கிறது.

"நீ செய்யிறது எல்லாம் உன் தலையில," என்றார் சூப்பர்வைசர்.

"சரி சார்."

மெஷினை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். கொண்டை அதைத் தொடவில்லை.

பத்தரை மணி வாக்கில் பின்னங்கழுத்துக்கு மேலே இருந்த கடைசிக் கட்டி இளகியது. அதற்குள்ளிருந்து ஒரு சின்னப் பின்னல் வெளியே வந்தது. சுண்டுவிரல் பருமன்கூட இல்லை. முடியின் அடியில், வெளியே தெரியாத இடத்தில் பின்னியது. மூன்று புரிகளில் ஒன்று ரொம்பப் பருமன், ஒன்று ரொம்ப மெலிசு, பின்னல் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு இறங்கியது. நுனியில் மஞ்சள் ரப்பர் வளையம். பழகாத கை பின்னியது. கொண்டை அதை அவிழ்க்கவில்லை. சுற்றியிருந்த முடியை மட்டும் அலசி, துண்டால் ஒற்றி, பின்னலைத் தோளுக்கு முன்னால் எடுத்துவிட்டார். சேதமான பக்கத்தைத் துணியால் மறைத்தார். புட்டி காலி.

பதினோரு மணிக்கு அந்த அம்மா வந்தாள். ஐம்பது வயது இருக்கும். அலுவலகங்களில் தரை துடைக்கிற வேலையாம். கூட யாரும் இல்லை. போலீஸ்காரர் ஒருவர் பின்னால் வந்தார். சூப்பர்வைசர் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டார்.

"எங்க தம்பி பெயின்ட் வேலை பார்க்கிறவன். சொல்லாம கொள்ளாம வெளியூர் வேலைக்குப் போயிடுவான். அதனாலதான் ரெண்டு நாள் சும்மா இருந்துட்டேன்." வாசலிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தாள், யாரும் கேட்காமலே. "இது அவனா இருக்காது. சும்மா பார்த்துட்டுப் போயிடலாம்னுதான்."

கொண்டை துணியை விலக்கினார்.

அவள் முகத்தைப் பார்த்தாள். தெரிந்த அந்தப் பாதியை வைத்து அவளால் எதுவும் சொல்ல முடியவில்லை. இல்லை என்பதுபோல அவள் தலை மெல்ல ஆடத் தொடங்கியது. பிறகு கண் தோளுக்கு இறங்கியது. அங்கே நின்றது.

கையை நீட்டிப் பின்னலைத் தொட்டாள். கோணலை விரலால் தடவிக்கொண்டே நுனி வரை போனாள்.

"என் பேத்தி," என்றாள். "போன ஞாயிற்றுக்கிழமை. ஆறு வயசு. இவன் தலைதான் அவளுக்குப் பின்னல் பழகுற இடம். 'ஐயோ பிச்சு எடுக்கிறா'ன்னு கத்திக்கிட்டே உட்கார்ந்திருப்பான்."

போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றினார். சூப்பர்வைசரின் பேனா எழுதாமல் நின்றது.

"உங்க தம்பிதானாம்மா?" என்று கேட்டார் போலீஸ்காரர்.

"என் தம்பிதான்."

அவள் அழுதது அதற்கு அப்புறம்தான். சுவரில் சாய்ந்து, சத்தமில்லாமல். கொண்டை ஸ்டூலை எடுத்துப் போட்டார். கொஞ்சம் நிதானத்துக்கு வந்ததும் அவள் முடியில் கையைவிட்டாள். விரல்கள் எங்கேயும் மாட்டாமல் நுனி வரை போயின.

"எப்பவும் சிக்கா இருக்கும். யாரு சீவினது?"

"நான்தாம்மா."

அவள் அவருடைய தொப்பியைப் பார்த்தாள், அதன் கீழே புடைத்திருந்த கொண்டையைப் பார்த்தாள்.

மூன்றாம் நாள் அவருக்கு மெமோ வந்தது. சூப்பர்வைசர் அனுப்பியது. உத்தரவை மீறி ஆண் உடலுக்கு மழிப்பு செய்யாததற்கும், அனுமதியற்ற வெளிப்பொருளைப் பயன்படுத்தியதற்கும் விளக்கம் கேட்டிருந்தது. 'ஆண் உடலுக்குக் கண்டிஷனர் தேவைப்பட்டது ஏன்?' என்று கடைசியில் ஒரு கேள்வி.

வீட்டில் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பதில் எழுதினார். ஒரு வரியில் முடிந்துவிட்டது. மனைவி எட்டிப் பார்த்தாள்.

"இவ்வளவுதானா?"

"கேட்டதுக்கு இவ்வளவுதான்."

"அப்புறம் ஏன் பேனாவை மூடாம வெச்சிருக்கீங்க?"

அவர் அந்த லாரி ஓட்டுநரைப் பற்றிச் சொன்னார். அவளுக்குத் தெரிந்த கதைதான். எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதும் தெரியும். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"பெரியவ வேலைக்குப் போக ஆரம்பிச்சிட்டா. சின்னவளுக்கு இன்னும் ஒரு வருஷம். நான் ஒண்ணும் தையலை நிறுத்தப்போறதில்லை." மெஷினை மறுபடி மிதிக்கத் தொடங்கினாள். "உங்களுக்குத் தூக்கம் வந்தாப் போதும் எனக்கு."

மறுநாள் காலை ஸ்டோர் அக்காவின் மேஜையில் அவர் பதிலை வைத்தார். அவள் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு படித்தாள். கேள்விக்கான பதில் முதல் வரியில் இருந்தது: 'முடி நீளமாக இருந்தது.' அதன் கீழே இரண்டு பக்கம் போயிற்று. நாலு வருஷத்துக்கு முந்தைய தேதி, புதைத்த எண், இடது புருவத் தழும்பு, அன்று காலை மழித்தது யார், மழிக்கச் சொன்னது யார், தகப்பன் தோளைத் தொட்டு என்ன சொன்னார், அப்போது யார் யார் பேசாமல் நின்றார்கள். பேசாதவர்களின் பட்டியலில் முதலாவதாகத் தன் பெயரை எழுதியிருந்தார். பதிவேட்டைத் திருத்தி, மகனின் பெயரை எழுதி, அந்த இடத்தைத் தகப்பனுக்குக் காட்ட வேண்டும் என்று கடைசியில் கேட்டிருந்தார்.

ஸ்டோர் அக்கா காகிதத்தை மேஜையில் நேராக வைத்தாள். இன்று அவளுக்குக் கிண்டல் வரவில்லை.

"தம்பி, முத்திரை விழுந்துட்டா இதைத் திரும்ப வாங்க முடியாது. தெரியுமில்ல?"

"தெரியும்க்கா."

"நகல் வேணுமா?"

"ரெண்டு வேணும். ஒண்ணு அந்தப் பெரியவருக்கு."

அவள் நகல் எடுத்துவந்து, முத்திரையை மையில் அழுத்தினாள். மூன்று பிரதியிலும் ஒவ்வொன்றாகக் குத்தினாள்.